உள்ளே விட்ட துணி

மருந்துக் கிடங்கில் அவளுக்கு வைத்த பெயர் ஷோரூம். கேலியாகத்தான் வைத்தார்கள், ஆனால் அந்தக் கேலியில் பொறாமையும் சரிபாதி கலந்திருந்தது. பில் போடும் மேசையில், கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில், மகளின் படத்தை ஒட்டி வைத்திருப்பாள். கொஞ்ச நாளைக்கு ஒருமுறை படம் மாறும். படம் மாறினால் உடுப்பும் மாறியிருக்கும். ஒன்றில் வட்டக் காலர், ஒன்றில் பலூன் கை, ஒன்றில் இடுப்பைச் சுற்றி லேஸ். வாங்குகிற சம்பளத்தை அப்படியே கொண்டுபோய் ஊரிலுள்ள பெரிய துணிக்கடையில் கொட்டிவிட்டு வருகிறாள் போலிருக்கிறது என்று பார்சல் கட்டுகிறவர்கள் பேசிக்கொள்வார்கள். அவள் ஆமாம் என்றும் சொல்லமாட்டாள், இல்லை என்றும் சொல்லமாட்டாள். உதட்டுக்குள்ளேயே சிரித்துவிட்டு பில்லைத் தட்டப் போய்விடுவாள். அந்தச் சிரிப்புக்குத்தான் பிற்பாடு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அந்த உடுப்புகளில் ஒன்றுகூடக் கடையிலிருந்து வந்ததில்லை. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் பழைய துணிகளை எடைக்கு விற்கிற ஒரு கூடம் இருக்கிறது. தகரக் கூரை, உள்ளே நுழைந்தாலே தும்மல் வரும். யாரோ உடுத்திக் கழித்த பாவாடை, சட்டை, கவுன், ஜன்னல் திரை எல்லாம் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் துப்பட்டாவால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு அங்கே போவாள். தூசிக்காக மூடிக்கொள்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். தெருமுனையில் இருக்கிற டெய்லர் வெட்டிக் கழித்த துண்டுகளை ஒரு பையில் போட்டு வைத்திருப்பார், அதையும் வாங்கிக்கொள்வாள். பெரிய மனுஷி ஒருத்தியின் பாவாடையில் குழந்தைக்கு ஒரு முழு கவுன் வரும். ஆண்கள் சட்டையின் முதுகில் ஒரு மேல்சட்டை வரும். அழுக்குப் படிந்த இடம், நைந்த இடம், கறை விழுந்த இடம் எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிக் கத்தரியை ஓட்டி, நல்ல இடமாகப் பார்த்து எடுப்பதில் அவள் கில்லாடி.

அவள் தையலில் இன்னொரு பழக்கமும் உண்டு. இரண்டு பக்கவாட்டிலும் அடி மடிப்பிலும் உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைப்பாள். பிள்ளைகள் வளருகிற வேகம் நமக்குத் தெரியாததா? இறுக்கினால் ஒரு தையலைப் பிரித்துவிட்டால் போதும், இன்னொரு வருஷம் ஓடும். கடைக்காரர்களுக்கு அந்தக் கவலை கிடையாது, பிள்ளை வளர்ந்தால்தான் அவர்களுக்கு அடுத்த வியாபாரம்.

இவ்வளவு கைவேலை தெரிந்தவள் அதை வெளியே சொல்வதற்கு என்ன கேடு என்று கேட்கலாம். அவள் சின்ன வயதில் அத்தை வீட்டுப் பிள்ளைகள் போட்டுக் கழித்த உடுப்பைப் போட்டு வளர்ந்தவள். ஒருநாள் வீடு நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்த நேரம். அத்தை அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, சட்டைக் கழுத்தைப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்து, இது எங்க வீட்டுப் பழசுதானே, பத்திரமாத்தான் வெச்சிருக்கே என்று சொல்லி முதுகில் தட்டிக்கொடுத்தாள். பாராட்டியதாகத்தான் அத்தைக்கு நினைப்பு. கூடத்தில் இருந்த அத்தனை கண்களும் அவள் கழுத்துக்கு வந்தன. அந்தக் கூச்சம் உடம்பை விட்டுப் போகவே இல்லை. தன் பிள்ளையின் கழுத்தை எவளும் திருப்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள்.

வைராக்கியம் நல்லதுதான், அது போன வழிதான் கோணல். மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுகிற இடத்தில் ஒரு அம்மா இவள் பிள்ளையின் கழுத்துப் பக்கம் எட்டிப் பார்த்த மாதிரி இவளுக்குப் பட்டது. உண்மையில் பார்த்தாளோ இல்லையோ, அதே வாரம் பழைய துணிக் குவியலில் பெரிய கடையின் லேபிள் உள்ள ஒரு சட்டை அகப்பட்டது. லேபிளைப் பூப்போலப் பிரித்தெடுத்து, தான் தைத்த கவுனின் கழுத்தில் வைத்துத் தைத்தாள். அன்றைக்கு ஆரம்பித்த வேலை. அப்புறம் குவியலில் துணியைத் தேடுகிறாளா லேபிளைத் தேடுகிறாளா என்று அவளுக்கே தெரியாமல் போயிற்று. பிரித்த லேபிள்களைப் போட்டு வைக்க ஒரு பிஸ்கட் டப்பா. உடுப்பு தைத்து முடிந்ததும் டப்பாவைக் கொட்டி, எதை வைக்கலாம் என்று பார்த்து எடுத்துக் கொடுப்பது மகளின் வேலை. அதற்கு அது ஒரு விளையாட்டு. எங்க வாங்கினதுன்னு யாராவது கேட்டா பெரிய கடையிலன்னு சொல்லணும் என்று அந்த விளையாட்டுக்கு ஒரு விதியும் இருந்தது. கணவர் வேன் ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். ஒருமுறை இதைப் பார்த்துவிட்டு, எதுக்கு இந்தத் திருட்டு வேலை என்று சிரித்தார். அவர் சிரித்ததோடு விட்டுவிட்டார், இவளும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கிடங்கில் செக்கிங் அக்கா என்று ஒருத்தி. பெட்டிகள் வெளியே போவதற்கு முன் மருந்துகளையும் பில்லையும் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். யார் பெட்டியை நீட்டினாலும் கொட்டிக் கவிழ்த்துப் பார்க்காமல் விடமாட்டாள். மேனேஜரே கட்டிக் கொடுத்தாலும் பிரித்துப் பார்ப்பாள் என்பார்கள். ஆனால் ஷோரூம் போட்ட பில்லுக்கு மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவாள். இவ தப்புப் பண்ணமாட்டா, பண்ணினா அவளே வந்து சொல்லிடுவா என்று எல்லார் முன்னாலும் சொல்லியும் இருக்கிறாள். அந்த ஒரு பேச்சு இவளுக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மகள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் இவள் மேசை வேலையையும் சேர்த்துப் பார்த்தது அந்த அக்காதான். ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியது கிடையாது. அதனால் அக்காவின் சின்னமகளுக்குப் பிறந்தநாள் வருகிறது என்று தெரிந்ததும் உலகத்திலேயே அழகான கவுனைத் தைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று இவளுக்கு வெறி பிடித்துக்கொண்டது. நல்ல காலமோ கெட்ட காலமோ, குவியலில் கிளிப்பச்சை நிறத்தில் பட்டுப் போல வழவழப்பான நீளப் பாவாடை ஒன்று கிடைத்தது. யாரோ ஒருமுறைகூட ஒழுங்காக உடுத்தாதது. துவைத்து, இஸ்திரி போட்டு, வெட்டி, கழுத்துக்கு டெய்லர் பையிலிருந்த வெள்ளை லேஸைக் கையாலேயே பிடித்துத் தைத்தாள். சின்னமகளின் அளவு தெரியாது, வயதை வைத்து ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே வழக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் துணி விட்டாள். தைத்து முடித்து ஹேங்கரில் மாட்டிப் பார்த்தபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. அவள் கையால் அதற்கு முன் அப்படி ஒன்று வந்ததில்லை.

அப்படிப்பட்ட உடுப்பின் கழுத்திலும் லேபிளை வைத்தாள். மகள்தான் டப்பாவில் தேடி, சின்னப் பிள்ளைகள் அளவு போட்ட லேபிளாக எடுத்துக் கொடுத்தது.

கொடுத்த அன்று அக்கா கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதையும் லேசில் மெச்சாதவள், லேஸ் பிடித்திருந்த கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"இதைத் தச்சவ யாரோ, அவ கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கலாம்."

தொண்டை வரைக்கும் வந்தது. நான்தான் அக்கா என்று இரண்டே வார்த்தை. சுற்றிலும் பார்சல்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், ஷோரூம் செலக்‌ஷன்னா சும்மாவா என்று ஒருத்தி சொன்னாள். பாவாடையைப் பற்றி, கூடத்தைப் பற்றி, குவியலைப் பற்றி யாராவது அடுத்த கேள்வி கேட்டுவிட்டால்? கடையில பார்த்தேன்க்கா, பிடிச்சிருந்தது என்றாள். சொல்லி வாய் மூடுவதற்குள் அவளுக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் பிடுங்கிக்கொள்ளவில்லை, சிரித்துக்கொண்டு நின்றாள்.

பிறந்தநாள் முடிந்த அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா முகம் சிவந்து வந்து உட்கார்ந்தாள். கவுன் சின்னமகளுக்கு வயிற்றைப் பிடித்ததாம். அது கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிற பிள்ளை. லேபிளில் கடைப் பெயர் இருக்கிறதே, அடுத்த அளவு மாற்றிக்கொள்ளலாம் என்று நேற்று அக்காவே கடைக்குப் போயிருக்கிறாள். அன்பளிப்புக்கு பில் கேட்பது மரியாதையில்லை என்று இவளிடம் சொல்லவில்லை. அங்கே பிள்ளைகள் பிரிவில் நின்ற பெண் கவுனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது எங்க சரக்கு இல்லைங்க, எங்க கவுன்ல உள்ள இவ்வளவு துணி விட்டுத் தைக்கவே மாட்டாங்க, லேபிளை யாரோ எடுத்து வெச்சுத் தச்சிருக்காங்க என்று சொல்லிவிட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஏற இறங்கப் பார்த்தார்களாம்.

"எனக்கு வந்துச்சே கோபம். என் தங்கச்சி மாதிரி ஒருத்தி காசு போட்டு வாங்கிக் கொடுத்திருக்கா, நீ எங்களைத் திருட்டுக் கூட்டம்னு சொல்றியான்னு பிடிச்சுக்கிட்டேன். மேனேஜரைக் கூப்பிட்டேன். அந்தப் பொண்ணு அழுதுடுச்சு. விசாரிக்கிறேன், தப்பு அவ மேலன்னா வேலையை விட்டே நிறுத்திடறேன்னு மேனேஜர் சொல்லியிருக்கான். சாயங்காலம் நீ எங்கூட வா. எப்ப வாங்கின, யாரு எடுத்துக் கொடுத்தாங்கன்னு மட்டும் சொல்லு. பில்லு இல்லாட்டிப் பரவாயில்ல. உன் முகத்தைப் பார்த்தாலே தெரியும், நீ பொய் சொல்ற ஆள் இல்லன்னு."

கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. சரிக்கா என்று அவள் வாய் சொன்னது. மதியம் முழுக்க பில்லில் விரல் ஓடவில்லை. தலைவலி என்று கிளம்பிவிடலாம். மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லலாம், ஆனால் காய்ச்சல் என்ற சொல்லை அக்காவிடம் சொல்ல அவளுக்கு எந்த யோக்கியதையும் இல்லை. வாங்கினேன் என்றே சாதித்துவிடலாம், யாரால் மறுக்க முடியும்? அந்தப் பெண் போவாள், கவுண்டருக்கு வேறொருத்தி வருவாள். இப்படியும் ஒருகணம் நினைத்தாள் என்பதை மறைத்துப் பிரயோஜனமில்லை. நினைத்துவிட்டு, தான் நினைத்ததைக் கண்டு தானே பயந்தாள்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழி நெடுகக் கடைக்காரர்களைக் கரித்துக் கொட்டிக்கொண்டு வந்தாள். இறங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும், அடுத்த நிறுத்தத்தில் சொல்லிவிட வேண்டும் என்று இவள் ஒவ்வொரு நிறுத்தத்தையும் கைநழுவ விட்டாள். நிறுத்தங்கள்தான் தீர்ந்தன.

கடைக்குள் குளிர் ஆளைத் தூக்கியது. கண்ணாடித் தடுப்புக்குள் பொம்மைகள் எல்லாம் புது உடுப்பில் நின்றன. பிள்ளைகள் பிரிவில் வேறு ஒரு பெண் நின்றாள். நேற்றைய பெண்ணை மூலையில் துணி மடிக்க உட்கார வைத்திருந்தார்கள். மேனேஜர் கூப்பிட்டதும் எழுந்து வந்தாள். வயதுப் பெண், கண் வீங்கியிருந்தது. அக்கா கவுனை மேசையில் போட்டு, இவளைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"இவங்கதான் வாங்கினது. கேட்டுக்கோங்க."

கழுத்து லேபிள் மேலே தெரியும்படி கவுன் கிடந்தது. அத்தை வீட்டுக் கூடம் அப்படியே வந்து சுற்றிலும் நின்றது. ஒரே ஒரு வித்தியாசம், இன்றைக்குக் கழுத்தைத் திருப்பி வைத்தது அவளேதான்.

"வாங்கல," என்றாள். குரல் எழும்பவில்லை. மேனேஜர் என்னங்க என்று குனிந்தார். இன்னொருமுறை சொல்ல வேண்டியிருந்தது. "நான் வாங்கல. நான்தான் தச்சேன். பழைய பாவாடையில தச்சேன். லேபிளை வேற துணியிலேருந்து எடுத்து நான்தான் வெச்சேன். இந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி."

பக்கத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் எங்கள் பெயரை இப்படி எடுத்துப் போடுவது பெரிய குற்றம், தெரியுமா என்று ஆரம்பித்து, இவள் நின்ற நிலையைப் பார்த்தோ என்னவோ, பாதியிலேயே விட்டுவிட்டார். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சுக்குச் சொல்வது என்று அதுவரை நினைத்திருந்தாள். அந்தக் கடையின் வழுக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா இவளைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணிடம் போனாள்.

"நேத்து உன்னை ரொம்பப் பேசிட்டேம்மா. மனசுல வெச்சுக்காதே."

அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள். மேசையில் கிடந்த கவுனை எடுத்து, கையை உள்ளே மடித்து, கடைச் சரக்கை மடிப்பது போலவே பழக்கதோஷத்தில் அழகாக மடித்து அக்காவிடம் கொடுத்தாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அக்கா முன்னால் நடந்தாள், இவள் பின்னால். பஸ் வருவதற்கு வெகு நேரம் ஆயிற்று. மன்னிச்சுக்கோங்கக்கா என்று இவள் சொன்னது வண்டிச் சத்தத்தில் அக்காவுக்குக் கேட்டதோ என்னவோ. பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"நீ தச்சதுன்னு சொல்லியிருந்தா, வயித்துகிட்ட கொஞ்சம் பிரிச்சு விடுன்னு உன்கிட்டயே கொடுத்திருப்பேன். அவ்வளவுதானே? உள்ளதான் அவ்வளவு துணி விட்டு வெச்சிருக்கியே."

இதைத் திட்டாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அக்கா சாதாரணமாகச் சொன்னாள். பஸ் வந்ததும் ஏறி, வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் கிடங்கு முழுக்கத் தன் சாயம் வெளுத்திருக்கும் என்று செத்துச் செத்து வந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. அதனால் ஷோரூம் என்ற பெயர் அப்படியே இருந்தது. ஷோரூம், இந்த பில்லைப் பாரு, ஷோரூம், டீ வந்துடுச்சு என்று ஒவ்வொருத்தரும் கூப்பிடக் கூப்பிட அவள் கூனிக் குறுகிப் போனாள். முன்பு கேட்டுச் சிரித்த பெயர் இப்போது செருப்பால் அடித்தது. அக்காவிடம் பில்லை நீட்டினால் அக்கா பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்து, மாத்திரைகளை அட்டை அட்டையாக எடுத்து, வரிவரியாக ஒத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். கோபமாக எதுவும் சொல்லவில்லை. மற்றவர்களுக்குப் பார்ப்பது போலவே இவளுக்கும் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஒரு வாரம் போல அப்படியே போயிற்று. ஒருநாள் வேலை முடிந்து கிளம்பும்போது இவளே அக்காவின் மேசைக்குப் போய், அந்தக் கவுனைக் கொடுங்கக்கா, பிரிச்சுத் தரேன் என்று கேட்டாள். அடுத்த நாள் இவள் மேசையில் ஒரு பை இருந்தது.

வீட்டுக்குப் போன கையோடு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு பக்கத் தையலையும் பிரித்துத் தாராளமாக விட்டுத் தைத்தாள். பழைய தையல் ஓடிய இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. ஈரத்துணி போட்டுத் தேய்த்ததில் கொஞ்சம் அமுங்கின, முழுக்கப் போகவில்லை. பிறகு கழுத்து லேபிளைப் பிரித்து எடுத்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. லேபிள் கையோடு வந்ததும் எழுந்து ஓடிப்போய் பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"வேற நல்லதா எடுக்கட்டுமாம்மா?"

"வேண்டாம்டா. இதுக்கு லேபிள் வேண்டாம்."

பிள்ளைக்குப் புரியவில்லை. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டது.

"அப்ப நீ தச்சதுன்னு தெரிஞ்சுடுமேம்மா?"

அந்தக் குரலில் பயம் இருந்தது. பெரிய தப்பு ஒன்று வெளியே வந்துவிடும் என்கிற பயம். தன் கூச்சம் பிள்ளைக்கு வந்துவிடக்கூடாது என்றுதானே இத்தனையும் செய்தாள்? அந்தக் கூச்சத்தை டப்பாவில் போட்டு, விளையாட்டுச் சாமான் போல அதன் கையிலேயே கொடுத்து வைத்திருக்கிறாள். அத்தையாவது தெரியாமல் செய்தாள். மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் நூலை வெட்டுவது போலக் குனிந்துகொண்டாள். கண்ணிலிருந்து இரண்டு சொட்டு பச்சைத் துணியில் விழுந்தது. கறை படுவதற்குள் புறங்கையால் ஒற்றி எடுத்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கவுனைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா பையிலிருந்து எடுத்து, பக்கத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். கழுத்தைத் திருப்பி, லேபிள் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். பார்சல் கட்டுகிறவள் ஒருத்தி எட்டிப் பார்த்து, அட, இது ஷோரூம் கொடுத்ததுதானே, எங்க வாங்கினது, என் அக்கா பொண்ணுக்கும் ஒண்ணு வாங்கணும் என்றாள்.

அக்கா கவுனை மடியில் வைத்துக்கொண்டு இவளைப் பார்த்தாள். சும்மா பார்த்தாள்.

"நான் தச்சது," என்றாள் அவள். இந்த முறை ஒரே தடவையில் குரல் வந்தது. "பழைய துணிக்கடையில பாவாடை எடுத்துத் தச்சேன்."

பார்சல்காரியின் கண் அவள் மேசைக்குப் போயிற்று, திரையோரத்தில் ஒட்டியிருந்த படத்துக்கு.

"அப்ப பாப்பா போட்டிருக்கிறது எல்லாம்?"

"அதுவும்தான். எல்லாமே."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருத்தி, அப்ப ஷோரூம்னு பேர் வெச்சோமே என்றாள். அவளுக்குக் கழுத்திலிருந்து காது வரைக்கும் எரிந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள், என்ன சாப்பிட்டோம் என்று தெரியவில்லை. மதியம் அவள் நீட்டிய பில்லையும் அக்கா வரிவரியாகப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, லேஸ் எங்க கிடைச்சுது என்று மட்டும் கேட்டாள். டெய்லர் பையில என்று இவள் சொன்னாள்.

சாயங்காலம் பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கிய மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். தெரு திரும்புகிற இடத்தில், ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், உன் டிரஸ் எல்லாம் நான் தைக்கிறதுன்னு என்றாள்.

மகள் நடையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது.

"சிரிச்சாங்களாம்மா?"

"ம். ரெண்டு பேர் சிரிச்சாங்க."

"அப்புறம்?"

அவள் தோளில் நழுவிய பையை ஏற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அப்புறம் அவங்கவங்க வேலையப் பார்க்கப் போயிட்டாங்க."